முதுகிலிருந்து மார்புக்கு: குழந்தை தாங்கி இடம் மாறிய வரலாறு

குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வது மனிதருக்குப் புதிதல்ல. கொரியாவின் போடேகி, ஜப்பானின் ஓன்புஹிமோ, வடதுருவத்து இனுயிட் பெண்களின் அமாவுட்டி என்று அதற்கான துணிக்கும் உடைக்கும் பல வடிவங்கள் உண்டு. இவற்றில் எல்லாம் குழந்தைக்கு உரிய இடம் முதுகு. இன்று கடைகளில் விற்கும் பட்டையும் கொக்கியும் வைத்த தாங்கியிலோ கைக்குழந்தை பெற்றவரின் மார்பில் இருக்கிறது. துணைக்கு ஆளில்லாத வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களின் தேவைதான் குழந்தையை முன்னுக்குக் கொண்டுவந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1960களின் தொடக்கத்தில் ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர் பீஸ் கோர் எனும் அமைதிப்படையின் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றினார். அங்கே தாய்மார்கள் ஒரு துணியால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், தண்ணீர் சுமந்தார்கள், தானியம் குத்தினார்கள். அவர் பெரிதும் வியந்தது அந்தக் குழந்தைகளின் அமைதியைத்தான். 1964இல் தமக்கு மகள் பிறந்ததும் அதே போலக் கட்டிப் பார்த்தார், துணி நழுவியது. ஓஹியோவில் இருந்த அவருடைய தாய் லூசி ஆக்கர்மன், மகள் சொன்னபடி பட்டை வைத்த ஒரு பையைத் தைத்துக் கொடுத்தார். அதுவே ஸ்னக்லி. 1969 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பல ஆண்டுகள் அது ஆலையில் அல்ல, ஓஹியோவின் வீடுகளில் கையால் தைக்கப்பட்டது. முதுகுக்காகத் தொடங்கிய பை, பிறகு முன்புறமும் அணியும்படி மாறியது.

இந்த மாற்றத்தை வெறும் தையல் நுணுக்கமாகக் கருதிவிடக் கூடாது. டோகோவின் தாய் தனியாக இல்லை. முதுகில் இருக்கும் பிள்ளையின் தலை சாய்ந்தால் பார்த்துச் சொல்ல அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். அமெரிக்கப் புறநகர் வீட்டில் பகலில் தாயும் குழந்தையும் மட்டுமே. கழுத்து நிற்காத குழந்தையை அவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. போதாததற்கு, முந்தைய தலைமுறையின் அறிவுரை அவரைத் தூக்கவே விடவில்லை. உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளையை அணைப்பதையும் முத்தமிடுவதையும் குறைக்கச் சொன்னது. தூக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்ற அந்த அச்சத்தை மீறித்தான் ஸ்னக்லியை முதலில் வாங்கியவர்கள் வாங்கினார்கள். அவர்களுடைய துணிவுக்குரிய மதிப்பை இத்துறையின் வரலாறுகள் போதிய அளவு தரவில்லை என்றே எண்ணுகிறேன்.

சுவீடனில் கதை வேறு திசையில் போனது. பியோர்ன் யாகோப்சன் தொடங்கிய பேபிபியோர்ன் நிறுவனம் 1973இல் தன் முதல் முன்தாங்கியை வெளியிட்டது. மறு ஆண்டே அந்நாடு மகப்பேற்று விடுப்பை மாற்றித் தாய், தந்தை இருவரும் பகிர்ந்துகொள்ளத்தக்க ஆறு மாதப் பெற்றோர் காப்பீட்டைக் கொண்டுவந்தது. விடுப்பு எடுத்த தந்தைக்குப் பால் கொடுக்க மார்பில்லை. ஆனால் குழந்தை சாய்ந்து உறங்க மார்பு இருந்தது. சட்டம் தந்த நேரத்தை அவர் குழந்தையோடு கழிக்க அந்தப் பை ஒரு வழி செய்தது. தெருவில் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நடக்கும் ஆண் இன்று உலகுக்குப் பழகிய காட்சியாகிவிட்டதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு.

தாங்கியை அணிந்த பெற்றோர் முதலில் சொன்னது, குழந்தை அழுவது குறைந்தது என்பதே. இதை மான்ட்ரியாலில் ஹன்சிக்கர், பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 99 தாய்-சேய் இணைகளிடம் சோதித்தார்கள். 1986இல் வெளியான அம்முடிவின்படி, கூடுதலாகத் தூக்கி வைக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. ஆனால் ஏற்கெனவே ஓயாமல் அழுதுகொண்டிருந்த குழந்தைகளிடம் பாரின் குழுவே 1991இல் செய்த ஆய்வில் அத்தகைய பலன் கிடைக்கவில்லை. 1995இல் வந்த இங்கிலாந்து ஆய்வும் முதல் முடிவை உறுதிசெய்யவில்லை. எவ்வளவு தூக்கியும் பிள்ளை அழுகிறதே என்று தம்மையே நொந்துகொள்ளும் பெற்றோருக்கு இந்தப் பிந்தைய முடிவுகளை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அழுகையைவிட ஆழமான ஒன்றை நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு தொட்டது. ஏழ்மையில் இருந்த 49 தாய்மாரில் ஒரு பிரிவினருக்கு மென்துணித் தாங்கியும் மறு பிரிவினருக்குக் குழந்தை இருக்கையும் கொடுத்தார் ஆய்வாளர் எலிசபெத் அனிஸ்ஃபெல்ட். 13 மாதம் ஆனபோது, தாங்கி பெற்றவர்களின் குழந்தைகளில் 83 விழுக்காட்டினரிடமும் மற்றப் பிரிவில் 38 விழுக்காட்டினரிடமும் பாதுகாப்பான தாய்ப்பிணைப்பு காணப்பட்டதாக 1990இல் பதிவாயிற்று. எண்ணிக்கை சிறியதுதான், இருந்தும் வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதல்ல.

பெற்றோர் சொன்ன இரண்டாவது செய்தி வலி. தொடக்ககாலத் தாங்கிகளில் எடை முழுவதும் தோளில் தொங்கியது. குழந்தை ஏழெட்டு கிலோ ஆனதும் கழுத்தும் முதுகும் தாங்கவில்லை. பிரசவத்தில் தளர்ந்த உடம்புக்கு அது இன்னும் கடினம். மலையேறுவோர் சுமைப்பையில் உள்ளதுபோன்ற இடுப்புப்பட்டை வந்து எடையை இடுப்புக்கு இறக்கிய பிறகே நெடுநேரம் சுமப்பது இயன்றது. ஹவாயில் கேரின் ஃபிராஸ்ட் 2003இல் தொடங்கிய எர்கோபேபி அந்த வடிவத்தைப் பரப்பியது. குழந்தையின் கால்கள் நேராகத் தொங்காமல், தொடை முழங்கால்வரை தாங்கப்பட்டு விரிந்திருந்தால் வளரும் இடுப்பு மூட்டுக்கு நல்லது என்ற மருத்துவ அறிவுரையும் இருக்கையை அகலமாக்கியது. வியர்வைக்கு மட்டும் இன்னும் முழுத் தீர்வு இல்லை. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய இரண்டு உடம்புகளின் சூடு வெயில் நாடுகளில் எளிதில் தணிவதில்லை.

ஆபத்தும் தெரியவந்தது. தோளில் சாய்வாகத் தொங்கும் துணித்தூளிகளில் 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் எச்சரித்தது. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிரம்பாதவை. முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிவிடும். மூக்கைத் துணி மூடினால் விலக்கிக்கொள்ளக் குழந்தைக்கு வலுவில்லை. குழந்தை நிமிர்ந்து இருக்க வேண்டும், முகம் எப்போதும் தெரிய வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதிகள் இந்தப் பாடத்திலிருந்து வந்தவை.

முன்தாங்கிகள் விற்பனைக்கு வந்த அதே 1970களில், கடைகளுக்கு வெகு தொலைவில், வறுமை இன்னொரு முன்தாங்கியை உருவாக்கியது. கொலம்பியாவின் பொகோட்டா நகர அரசு மகப்பேற்று மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றில் பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவியது. 1978இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோல் ஒட்ட, நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் செய்தார். கங்காரு பராமரிப்பு என்று பெயர்பெற்ற இம்முறை பல காலம் ஏழை நாடுகளின் மாற்று ஏற்பாடாகவே எண்ணப்பட்டது.

அந்த எண்ணத்தை அசைத்தது 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1.8 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகள் உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே மார்பில் வைக்கப்பட்டார்கள். முதல் 28 நாள்களில் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் குழந்தை மார்பில் இருந்தது. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட வேண்டியிருந்தது. தாய்க்கு முடியாத வேளையில் அவர் தேர்ந்தெடுத்த இன்னொருவர் மார்பிலும் குழந்தை வைக்கப்பட்டது. 2022 நவம்பரில் அந்நிறுவனம் இம்முறையைக் குறைமாதக் குழந்தைகள் அனைவருக்கும், இன்குபேட்டருக்குக் குறைவில்லாத மருத்துவமனைகளிலும், பிறந்த உடனேயே தொடங்கப் பரிந்துரைத்தது.