‘534’ என்றொரு கப்பல்!

1934, செப்டம்பர் 26. ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் இருக்கிற கிளைடுபேங்க் என்ற சின்ன ஊர். காலையிலிருந்தே மழை. ஆனால், மழைக்காக வீட்டுக்குள் உட்கார்ந்தவர் யாருமில்லை. மொத்த ஊரும் குடையைப் பிடித்துக்கொண்டு நதிக்கரையில் நிற்கிறது!

எதிரே, மலை மாதிரி ஒரு கப்பல். நீளம் ஆயிரம் அடிக்கும் மேல். அதைத் தண்ணீரில் இறக்கிவிட இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் மகாராணி மேரியும் வந்திருக்கிறார்கள். எல்லாம் தயார். ஒரே ஒரு விஷயம் மட்டும் அங்கிருந்த கூட்டத்துக்குத் தெரியாது. கப்பலின் பெயர்! அதுவரை அதற்கு இருந்ததெல்லாம் ஒரு நம்பர்தான் - 534. கப்பல் கட்டும் தளத்தின் கணக்குப் புத்தகத்தில் அது 534-வது ஆர்டர், அவ்வளவுதான்.

குழந்தைக்குப் பெயர் வைக்க நாம் படுகிற பாடு தெரியும். தாத்தா பெயரா, குலசாமி பெயரா, நியூமராலஜிக்கு ஒத்துவருமா என்று வீடே ரெண்டுபடும். கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய கப்பலுக்குப் பெயர் வைப்பதென்றால்? அதில் வியாபாரம் இருக்கிறது, கௌரவம் இருக்கிறது, யுத்தம் இருக்கிறது, மாமன்னர்களின் வீம்பும் இருக்கிறது!

அந்தக் காலத்தில், அட்லாண்டிக் கடலில் ஓடிய கப்பல்களின் பெயரைக் கேட்டாலே அது எந்தக் கம்பெனியின் கப்பல் என்று சொல்லிவிடலாம். அண்ணன் ரமேஷ் என்றால் தம்பி சுரேஷ், தங்கை ரமா என்றால் அக்கா உமா... அந்தக் கணக்குதான்!

கியூனார்ட் கம்பெனியின் கப்பல்கள் ‘யா’ என்று முடியும். 1840-ல் கிளம்பிய பிரிட்டானியாவில் தொடங்கி லூசிடானியா, மாரிடானியா, அக்விடானியா என்று போகும் அந்தப் பரம்பரை. பல பெயர்கள் பழைய ரோமானிய சாம்ராஜ்யத்தின் மாகாணங்கள். லூசிடானியா என்றால் இன்றைய போர்ச்சுகல் பக்கம். அக்விடானியா, பிரான்ஸின் தென்மேற்குப் பகுதி. ‘ரோமாபுரிக்குப் பிறகு உலகை ஆள்கிறவர்கள் நாங்கள்தான்’ என்று சொல்லாமல் சொல்வது!

போட்டிக் கம்பெனியான ஒயிட் ஸ்டாரின் கப்பல்கள் ‘இக்’ என்று முடியும். ஓஷியானிக், மெஜஸ்டிக், ஒலிம்பிக், அப்புறம்... ஆமாம், டைட்டானிக்! 1912-ல் அந்தக் கப்பல் மூழ்கியபோது, உயிர் பிழைத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது கார்பாத்தியா. பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்குமே... கியூனார்ட் கப்பல்! டைட்டானிக்கின் தங்கைக் கப்பலுக்கு ‘ஜைஜான்டிக்’ என்று பெயர் வைப்பதாக இருந்தார்கள், விபத்துக்குப் பிறகு பயந்துபோய் பிரிட்டானிக் என்று அடக்கமாக மாற்றிவிட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. கம்பெனி அதை மறுத்தது. பெயரில் அடக்கம் காட்டியும் பலனில்லை. 1916-ல், யுத்த காலத்தில், ஆஸ்பத்திரிக் கப்பலாக ஓடிக்கொண்டிருந்த பிரிட்டானிக்கும் ஏஜியன் கடலில் மூழ்கிப்போனது.

ஜெர்மனியின் கதை இதைவிட ரகளை! 1912-ல் ஹாம்பர்க்கில் ஒரு பிரமாண்டக் கப்பலைக் கைசர் வில்ஹெல்ம் கடலில் இறக்கி வைத்தார். பெயர் ‘இம்பெராட்டர்’. அதாவது, சக்கரவர்த்தி! ஜெர்மன் மொழியில் கப்பல்களின் பெயர்களைப் பெண்பாலில் சொல்வதுதான் வழக்கம். ஆனால், இந்தக் கப்பலை மட்டும் ஆண்பாலில்தான் சொல்ல வேண்டும் என்று கைசர் விரும்பினார். சக்கரவர்த்தி எப்படிப் பெண்ணாக முடியும்?! அதற்கடுத்த இரண்டு கப்பல்களுக்கு ‘ஃபாட்டர்லாண்ட்’ (தந்தையர் நாடு) என்றும், ‘பிஸ்மார்க்’ என்றும் பெயர்கள்.

வந்தது முதல் உலக யுத்தம். ஜெர்மனி தோற்றது. தோற்றவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜெயித்தவன் பெயர் வைத்தான். ஃபாட்டர்லாண்டை யுத்தம் முடியும் முன்பே அமெரிக்கா எடுத்துக்கொண்டு ‘லெவையதன்’ ஆக்கியிருந்தது. பிஸ்மார்க், ஒயிட் ஸ்டாரிடம் போய் ‘மெஜஸ்டிக்’ ஆனது. இம்பெராட்டர்? அதுதான் உச்சகட்டம். கியூனார்ட் அதற்கு வைத்த பெயர் ‘பெரங்கேரியா’. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் மனைவி பெயர் அது. ஆண்பாலில்தான் அழைக்க வேண்டும் என்று கைசர் விரும்பிய சக்கரவர்த்தி, கடைசியில் இங்கிலீஷ் மகாராணியாகிவிட்டார்!

சரி, கிளைடுபேங்கில் மழையில் நிற்பவர்களிடம் திரும்புவோம். அவர்களுக்கும் அந்த 534-க்கும் ஒரு தனிக் கணக்கு இருந்தது.

1930 டிசம்பரில் ஜான் பிரவுன் கம்பெனியின் தளத்தில் அந்தக் கப்பல் வேலை ஆரம்பமானது. ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தத் தளம்தான் சோறு போட்டது. அப்போது உலகத்தையே ஆட்டிவைத்தது பொருளாதார மந்தம். கப்பலில் ஏற ஆளில்லை. கியூனார்டின் கையில் பணமில்லை. 1931 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வேலை நிறுத்தப்படுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள்.

அதன்பிறகு இருபத்தேழு மாதங்கள்... யோசித்துப் பாருங்கள். வீட்டு ஜன்னலைத் திறந்தால், எதிரே பாதி கட்டிய இரும்பு மலை. மழையிலும் பனியிலும் அது துருப்பிடித்துக்கொண்டே போகிறது. வீட்டுக்குள்ளே அடுப்பு எரியவில்லை. அந்த மனிதர்களுக்கு 534 என்பது வெறும் நம்பரா என்ன? அதுதான் கூலி, அதுதான் ரொட்டி, அதுதான் குழந்தையின் பூட்ஸ்! “534-ஐக் கட்டுங்கள்” என்று கிளைடுபேங்கின் தொழிற்கட்சி எம்.பி. டேவிட் கிர்க்வுட் பார்லிமென்ட்டில் தொடர்ந்து போராடினார். அப்போதைய அரசவைக் கவிஞர் ஜான் மேஸ்ஃபீல்டு இந்தக் கப்பலைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். தலைப்பு என்ன தெரியுமா? ‘நம்பர் 534’!

கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்தது. கப்பலை முடிக்க 30 லட்சம் பவுண்டு உட்பட மொத்தம் 95 லட்சம் பவுண்டு கடன். ஆனால் ஒரு நிபந்தனை - கியூனார்டும் ஒயிட் ஸ்டாரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே கம்பெனியாக இணைய வேண்டும்! இணைந்தார்கள். 1934 ஏப்ரலில், பேக்பைப் வாத்தியம் முழங்க முன்னே செல்ல, தொழிலாளர்கள் ஊர்வலமாகத் தளத்துக்குள் திரும்பப் போனார்கள். முதல் வேலை, துருவைச் சுரண்டுவது!

இப்போது பெயர்ச் சிக்கல் புரிகிறதா? ‘யா’ வீட்டுப் பையனுக்கும் ‘இக்’ வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம். குழந்தைக்கு எந்த வீட்டு வழக்கப்படி பெயர் வைப்பது?

இந்த இடத்தில்தான் அந்தப் பிரசித்தி பெற்ற கதை வருகிறது. கியூனார்ட் ‘விக்டோரியா’ என்ற பெயரை மனதில் வைத்திருந்ததாம். ‘யா’வும் வந்துவிடுகிறது, மன்னரின் பாட்டி பெயராகவும் ஆகிறது. பிரதிநிதிகள் மன்னரிடம் போய், “இங்கிலாந்தின் தலைசிறந்த மகாராணியின் பெயரைக் கப்பலுக்கு வைக்க அனுமதி வேண்டும்” என்று பவ்யமாகக் கேட்டார்களாம். மன்னரின் முகமெல்லாம் மலர்ச்சி. “என் மனைவி ரொம்ப சந்தோஷப்படுவாள்!” என்றாராம். அப்புறமென்ன? ‘ஐயா, நாங்கள் சொன்னது உங்கள் பாட்டியை’ என்று மன்னரிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?!

கம்பெனி அதிகாரிகள் இந்தக் கதையை மறுத்தார்கள். ஆனால், ஃபெலிக்ஸ் மார்லி என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், 1936-ல் கப்பலின் முதல் பயணத்தில் கியூனார்ட் தலைவர் பெர்ஸி பேட்ஸுடன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர், ‘நான் உயிரோடு இருக்கும்வரை எழுதாதீர்கள்’ என்ற நிபந்தனையோடு பேட்ஸே தன்னிடம் இதைச் சொன்னதாக 1979-ல் வெளியான சுயசரிதையில் எழுதினார். எனக்கென்னவோ வேறு கணக்கும் தோன்றுகிறது. மகாராணி பெயரென்றால் ‘யா’வும் இல்லை, ‘இக்’கும் இல்லை. இரண்டு வீட்டாரும் வாயைத் திறக்க முடியாதே!

ஆக, அந்த மழை நாளில் மகாராணி மேரி தன் பெயரைத் தானே கப்பலுக்குச் சூட்டினார். ‘குயின் மேரி’! கூட்டம் ஆரவாரம் செய்தது. இதில் ஒரு தமாஷ்... அதே கிளைடு நதியில், 1933-லிருந்து ‘குயின் மேரி’ என்ற பெயரில் ஒரு சின்ன உல்லாசப் படகுக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது! அதன் முதலாளிகளிடம் பேசி, ‘குயின் மேரி 2’ என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கினார்கள். முதலில் பிறந்தவளுக்கு இரண்டாம் நம்பர்!

பெயரைக் காப்பாற்ற இன்னொரு வேடிக்கையும் செய்தார்கள். 1935-ல் பழைய மாரிடானியாவை உடைக்க அனுப்பியாகிவிட்டது. அந்த ராசியான பெயரை, கட்டப்போகும் புதுக் கப்பலுக்கு வைக்க ஆசை. அதற்குள் வேறு யாராவது எடுத்துக்கொண்டால்? இன்னொரு கம்பெனியின் சின்ன நீராவிக் கப்பலுக்குத் தற்காலிகமாக ‘மாரிடானியா’ என்று பெயர் மாற்ற ஏற்பாடு செய்தார்கள்! நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான்!

அதே கிளைடுபேங்கில், 1967 செப்டம்பர் 20-ம் தேதி மறுபடி ஒரு விழா. இந்த முறை எலிசபெத் மகாராணி. கம்பெனி முடிவு செய்திருந்த பெயர், பழைய கப்பலின் அதே பெயர் - ‘குயின் எலிசபெத்’. ஆனால் மைக் முன்னே வந்த மகாராணி, ‘குயின் எலிசபெத் தி செகண்ட்’ என்று சொல்லிவிட்டார்! மகாராணி சொன்ன பிறகு திருத்த முடியுமா? ஸ்காட்லாந்துக்காரர்களுக்கோ அந்த ‘இரண்டாம்’ என்ற வார்த்தையே ஆகாது. முதலாம் எலிசபெத் இங்கிலாந்துக்குத்தானே ராணி, எங்களுக்கு இல்லையே என்பது அவர்கள் வாதம். 1953-ல் இதே காரணத்துக்காக எடின்பரோவில் ஒரு தபால் பெட்டியையே வெடிவைத்துத் தகர்த்திருக்கிறார்கள்! கியூனார்ட் சாமர்த்தியமாக ரோமன் எண்ணைத் தவிர்த்து, சாதாரண ‘2’ போட்டுக்கொண்டது.

இப்போதெல்லாம் கப்பலுக்குப் பெயர் என்பது சோப்புக்கு, ஷாம்புவுக்குப் பெயர் வைப்பது மாதிரி. ராயல் கரீபியன் கம்பெனியின் கப்பல்களுக்கு ‘ஆஃப் தி சீஸ்’ என்ற வால் கட்டாயம். 2024-ல் வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ வரை அப்படித்தான். சில கம்பெனிகள் போட்டி வைத்து, பெயரைச் சொல்லும்படி மக்களையே கேட்டுவிடுகின்றன.

அதெல்லாம் இருக்கட்டும், பாட்டி விக்டோரியா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2007-ல் கியூனார்ட் ஒருவழியாக ‘குயின் விக்டோரியா’ என்று ஒரு கப்பலுக்குப் பெயர் சூட்டியது. ஆனால் விழாவில் ஷாம்பெயின் பாட்டில் உடையவில்லை! எழுபது வருஷக் கோபம் போலிருக்கிறது.

குயின் மேரி இன்று அமெரிக்காவின் லாங் பீச் நகரில் ஹோட்டலாக நிற்கிறது. அதைக் கட்டிய தளம் இப்போது இல்லை. கிளைடுபேங்கில் ஒரு ராட்சத கிரேன் மட்டும் நினைவுச்சின்னமாக நிற்கிறது.

கப்பலின் நெற்றியில் எழுதியிருப்பது ராணியின் பெயர். அது கம்பெனியும் மன்னரும் வைத்தது. ஆனால் இருபத்தேழு மாதங்கள் பசியோடு காத்திருந்து, திரும்பப் போய்த் துருவைச் சுரண்டி, ஆணி ஆணியாக அதைக் கட்டி முடித்தவர்கள் அதைக் கூப்பிட்டது வேறு பெயரில்.

ஐந்நூற்று முப்பத்து நாலு!