ஒலிபெருக்கி இல்லாத மேடையின் குரல்

ஒலிபெருக்கி வாராத காலத்தில், கடைசி வரிசைக்கு எட்டாத குரலுக்குத் தமிழ் நாடக மேடையில் இடமில்லை. 1908இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையால் இரயிலில் பாடிய சிறுமி கே.பி. சுந்தராம்பாள் அம்மேடையிலேதான் உருவானார். தெருவில் பாடி வளர்ந்த அமெரிக்கப் புளூஸ் பாடகி பெஸ்ஸி சுமித்தின் இளமையும் இத்தகையதே.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் அம்மையாரும் ஒருவரையொருவர் விஞ்சப் பாடுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது, கதை பெயரளவிற்கே. 1933இல் கிட்டப்பா மறைய, இருபத்தைந்து வயதில் அம்மையார் வெள்ளுடை பூண்டார். ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டவர், 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். திரை வரலாறுகள் அத்தொகையை வியக்கின்றன. அந்த விலையை அக்குரலுக்கு ஏற்றிவைத்த நாடகக் கொட்டகைகளையோ மறந்துவிடுகின்றன. 1953இல் ‘ஔவையார்’ படத்திலும், ஒலிவாங்கியின் முன் நின்றபோதும், அவர் கடைசி வரிசைக்கே பாடினார்.