சில்கிக் கோழியின் குளிர்காலம்

ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபடி 1298ஆம் ஆண்டையொட்டி மார்க்கோ போலோ சொல்லி எழுதுவித்த பயண நூலில், தென்சீனத்து ஃபூஜியன் பகுதியைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு கோழி வருகிறது. அதற்கு இறகு இல்லை, பூனையைப் போல உடலெங்கும் மயிர், நிறம் கறுப்பு, முட்டை நல்ல முட்டை என்கிறார். 1600இல் பொலோனாவின் இயற்கையியலாளர் அல்ட்ரொவாண்டி தம் பறவை நூலில் ஒரு கம்பளிக் கோழிக்குப் படமே போட்டார். இன்று சில்கி என்று அழைக்கப்படும் இந்தக் கோழி சீனத்தில் மருந்துக் கோழி. 1596இல் அச்சான லி ஷிசெனின் மருந்துநூல் கறுப்பு எலும்புக் கோழியின் குணங்களை விரித்துரைக்கிறது. நம்மூரில் கருங்கோழி என்று விற்கும் கடக்நாத்தைப் போல, இதற்கும் தோலும் எலும்பும் கறுப்பு. ஜியாங்சி மாகாணத்துத் தைஹே வட்டம் இந்த இனத்துக்குப் பேர்போன இடம். அங்கே குளிர் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் நிலம் உறைந்து கிடப்பதில்லை. அந்த மண்ணின் பறவை இங்கிலாந்தின் ஈரக் குளிருக்கும் வட அமெரிக்காவின் பனிக்கும் போய்ச் சேர்ந்து, 1874இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் முதல் தரநூலிலும் இடம்பிடித்தது. குளிர்நாட்டில் அதைக் காக்க முனைந்தவர்கள் கதவை அடைப்பதும் சூடேற்றுவதும்தான் வழி என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதையே கோழிக் கொட்டகையின் வரலாறு காட்டுகிறது. சில்கியை வாட்டுவது குளிரைவிட ஈரம்தான்.

காரணம் அதன் இறகிலேயே இருக்கிறது. சாதாரண இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தகடுபோல் நிற்கும். மழைநீர் அதன்மேல் வழிந்தோடிவிடும். சில்கிக்கு அந்தக் கொக்கிகள் கிடையாது. ஒரே ஒரு மரபணுவின் அருகே நேர்ந்த மாற்றம்தான் இந்தப் பட்டு இறகுக்குக் காரணம் என்பது 2014இல்தான் துலங்கியது. உலர்ந்திருக்கும்வரை அந்தப் பஞ்சுப்பொதி காற்றைப் பிடித்துவைத்து உடலின் 41 டிகிரிச் சூட்டைக் காக்கும். நனைந்துவிட்டால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, போர்வையாக இருந்ததே ஈரத்துணியாகிவிடும். தண்ணீர் குடிக்கும்போது நனையும் தாடியும் தலைக்குடுமியும் சேற்றில் தோயும் கால் இறகும் இப்படித்தான் குளிரை உடலுக்குள் இறக்குகின்றன.

அடைத்த கொட்டகையில் இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும். வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே ஏறி, குளிர்ந்த கூரையில் பட்டு நீராகி, மறுபடி கோழியின் மேலேயே சொட்டுகிறது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கிறது. இதை உணர்ந்த அமெரிக்க வளர்ப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெற்கு முகம் திறந்த கொட்டகைகளைக் கட்டத் தொடங்கினர். 1924இல் டாக்டர் பிரின்ஸ் வுட்ஸ் திறந்தவெளிக் கொட்டகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1940களில் ஒஹையோ ஆய்வு நிலையம், தரையில் கூளத்தைத் தடிமனாகப் போடும் ஆழ்கூள முறையை ஆராய்ந்து பரப்பியது. எச்சத்தின் ஈரத்தைக் கூளம் குடித்துக்கொள்ளும், தரை உலர்ந்திருக்கும்.

அந்தக் கொட்டகைகள் பிளிமத் ராக் போன்ற சாதாரண இறகுக் கோழிகளுக்காகக் கட்டியவை, சில்கிக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. சில்கி பறக்காது, உயரக் கம்பில் ஏறாது. இரவில் தரையிலேயே ஒன்றன்மேல் ஒன்று குவிந்து உறங்கும். அதனால் தரைமட்டத்தில் வீசும் காற்று அந்தப் பஞ்சைப் பிளந்துகொண்டு தோலைத் தொட்டுவிடும். வுட்ஸின் கொட்டகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இதற்குப் பொருள். காற்றுப்போக்கி கோழியின் தலைக்கு வெகு உயரத்தில், கூரையை ஒட்டி இருக்கவேண்டும். கீழ்ச்சுவர் முழுக்க அடைப்பாக இருக்கவேண்டும். கொண்டையைப் பொறுத்தமட்டில் சில்கிக்கு ஓர் அனுகூலமும் உண்டு. லெகார்ன் சேவலின் நெடிய கொண்டை பனியில் கருகிப் புண்ணாகும். அக்ரூட் கொட்டை போலச் சிறுத்த இதன் கொண்டைக்கு அந்த ஆபத்து குறைவு.

விளக்கு வைத்துச் சூடேற்றினால் என்ன கெடும் என்பது அடுத்த வாதம். குஞ்சுகளுக்கு அது வேண்டியதுதான். வளர்ந்த கோழிக்கோ, உலர்ந்த கூளத்தின் நடுவே தொங்கும் சூட்டு விளக்கு தீ விபத்துக்கு வழி. சூட்டுக்குப் பழகிய கோழி மின்சாரம் போன இரவில் தவித்தும்போகும். அடைத்துவைப்பதில் இன்னொரு கேடும் இருந்தது. குளிர்காலத்தில் உள்ளேயே வளர்ந்த குஞ்சுகளின் கால் துவண்டது. வெயிலோ மீனெண்ணெயோ கிடைத்தால் அது தேறும் என்று 1920களில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறையாக இருந்தது வைட்டமின் டி.

ஆகவே குளிர்நாட்டில் சில்கி வளர்ப்பவர் முதலில் கவனிக்கவேண்டியது வெப்பமானியை அல்ல. விடிகாலையில் கொட்டகைக்குள் போய்க் கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே நீர் முத்திட்டிருந்தால், அன்றே கூரையோரத்தில் இன்னொரு காற்றுவழியைத் திறந்துவிடுங்கள்.