பழைய காசைத் துலக்கினால் மதிப்பு குறையும்

தீபாவளிக்கு முன் குத்துவிளக்கைத் துலக்கும்போது, பாட்டியின் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய காசுகளையும் அதே புளியில் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். விளக்கு பளிச்சிடும். காசும் பளிச்சிடும், ஆனால் அதைச் சேகரிப்பாளரிடம் கொண்டுபோனால், துலக்காமல் இருந்திருந்தால் கிடைக்கக்கூடிய விலை கிடைக்காது.

மேற்பரப்பில் நடப்பது என்ன?

நாணயத்தை அச்சில் அழுத்தி அடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டாகின்றன. புதுக் காசை விளக்கொளியில் சாய்த்துத் திருப்பினால், ஒளி சக்கரம்போல் சுற்றுவது இவற்றால்தான். நாளடைவில் காற்றுபட்டு வெண்கலம் பழுப்பாகிறது, வெள்ளி கறுக்கிறது. இந்த மெல்லிய படலம் அழுக்கு அல்ல. காசின் வயதுக்கு அதுவே சாட்சி.

புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றின் அமிலம் இந்தப் படலத்தோடு உலோகத்தையும் சிறிது கரைக்கும். சாம்பல், பற்பசை, பித்தளை மெருகுத் திரவம் ஆகியவை மயிரிழைக் கீறல்களை விடும். போன கோடுகளைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

எந்தக் காசுகளில் கவனம் தேவை?

ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை பொறித்த மலாயா சதுர ஒரு காசு வெண்கலம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிக்காக 1903இல் வந்த ஒரு வெள்ளி நாணயத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நன்றாகத் தேய்ந்த சாதாரணக் காசென்றால் இழப்பு சிறிது. தேயாத காசில்தான் இழப்பு பெரிது. அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள், முறையின்றித் துலக்கிய காசுக்கு 70 புள்ளி அளவில் எண் தருவதில்லை; துலக்கப்பட்டது என்று குறித்துவிடும்.

வாங்குபவர் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வெண்கலக் காசு இளஞ்சிவப்பாக மின்னும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கும். விளக்கடியில் சாய்த்தால் ஒரே திசையில் கீறல்கள் தெரியும்.

என்ன செய்யலாம்?

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், மென்துணியால் ஒற்றி எடுங்கள். மென்மையான பிவிசி உறையில் நெடுநாள் இருந்த காசில் பிசுபிசுப்பான பச்சை படியும். அதைத் தூய அசிட்டோன் கரைக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தள்ளி நின்று செய்ய வேண்டும். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது.

காசை விளிம்பில் பிடியுங்கள். பிவிசி இல்லாத உறையில் போட்டு, நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

பூசைத் தட்டில் வைக்கும் காசைத் தாராளமாகத் துலக்கலாம். பெட்டியில் உள்ளதை, விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை அப்படியே விடுங்கள்.