கதவு பூட்டாத காம்பரா

ஸ்கொட்லாந்து மலையில் இருக்கிற ஒரு கல் குடிலின் படத்தை அப்பாயியிடம் காட்டினேன். ஒரே அறை, புகைபோக்கி, சின்ன ஜன்னல். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நம்ம லயத்துக் காம்பரா மாதிரியே இருக்கே. இதுல ஒரு ராத்திரி படுக்கவா இவ்வளவு தூரம் நடக்குறாங்க?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் வருது.

அந்தக் குடிலுக்கு அங்கே 'பொத்தி' என்று பேர். பெரும்பாலும் வாடகை கிடையாது, கதவுக்குப் பூட்டும் கிடையாது. மலையேறப் போறவர் படுக்கைப் பை, சின்ன அடுப்பு, சாப்பாடு, மெழுகுதிரி எல்லாத்தையும் தானே சுமக்கணும். தண்ணி ஓடையில். குளிர்காய விறகோ கரியோ வேணுமென்றால் அதையும் கொண்டு போகணும். பலவற்றில் கழிப்பறை இல்லை. மண்வெட்டியோடு தூரமாகப் போய்க் குழி தோண்டணும். நேரம் கழித்து நனைஞ்சு வர்றவருக்கும் இடம் கொடுக்கணும். காலையில் கூட்டி, நெருப்பை அணைத்து, குப்பையைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகணும்.

இவை மலையேறுபவர்களுக்காகக் கட்டப்பட்டவை இல்லை. கெயார்ங்கோர்ம் மலைகளில் உள்ள கொரூர் பொத்தி, 1877இல் மான் காவலாளி தங்குவதற்காகக் கட்டப்பட்டது. வேறு பல, மேய்ப்பர்களும் சிறு விவசாயிகளும் இருந்த வீடுகள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நிலச் சொந்தக்காரர்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து கிளப்பினார்கள். பிறகு மேய்ப்பர்களும் போக, வீடுகள் காலியாகின. 1965இல் பேர்னார்ட் ஹீத் என்பவரும் நண்பர்களும் மவுண்டன் பொத்திஸ் அசோசியேஷனைத் தொடங்கி, இடிஞ்சு கிடந்த குடில்களுக்குக் கூரை போட்டார்கள். இன்று சுமார் 100 குடில்களை அந்தச் சங்கத்தின் தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே வேறு ஆட்களின் காணியில், அவர்களின் அனுமதியோடு நிற்பவை.

ஆனால் 'பொத்தி' என்ற சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் கிழக்குப் பக்கப் பண்ணைகளில், கல்யாணமாகாத கூலியாட்கள் கூட்டமாகப் படுத்த அறைக்கும் இதே பேர்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பேசிய வேலை. சம்பளத்தின் ஒரு பங்கு ஓட்ஸ் மாவும் பாலும். களைச்சு வந்து, மாவில் வெந்நீரை ஊற்றித் தாங்களே கிண்டிச் சாப்பிட்டார்கள். இன்றைக்கு ஆசைப்பட்டுச் செய்யும் 'சொந்தச் சமையல்', அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது.

அப்படிப்பட்ட பொத்திகள் இருந்த கின்கார்டின்ஷயர் பக்கத்திலிருந்துதான் ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். அவரைப் போல எத்தனையோ ஸ்கொட்லாந்துக்காரர் இங்கே துரைமாராக இருந்தார்கள். லயத்தை அவர்கள் பொத்தியைப் பார்த்துக் கட்டினார்கள் என்று நான் சொல்ல வரல்ல. ஆனால் ரெண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: வேலைக்குப் பக்கத்தில், குறைந்த செலவில், ஆட்களை அடுக்கி வைக்கிறது. இங்கேயும் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆனால் அங்கே கூலியாள் ஆறு மாதத்தில் வேறு பண்ணைக்குப் போகலாம். இங்கே தலைமுறை தலைமுறையாக அதே காம்பராவில் குடும்பங்கள் இருந்தன. இன்னும் இருக்கின்றன, பலருக்குக் காணி உறுதி இல்லாமலேயே.

பொத்தியை நான் குறை சொல்லல்ல. யாருக்கும் பூட்டாத கதவு பெரிய விஷயம். ஆனால் நாளைக்கு இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்று தெரிஞ்சவருக்குத்தான் அந்தக் குளிரும் இருட்டும் இனிக்கும். இங்கே பழைய துரை பங்களாக்கள் ஹோட்டலாகிவிட்டன. ஒருநாள் எல்லோருக்கும் சொந்த வீடு கிடைச்சு லயங்கள் காலியானால், அவற்றை என்ன செய்வது என்று யார் முடிவெடுப்பாங்க? அப்போது அங்கே ஒரு ராத்திரி தங்க வர்றவர், இந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுத்தாங்க என்று கேட்டால், பதில் சொல்ல நம்மிடம் எழுத்தில் ஏதாவது இருக்கணும்.

அப்பாயியிடம் இப்போதுதான் கேட்டு எழுத ஆரம்பிச்சிருக்கேன்.