ஓசூரும் ஒளியுமிழ் திரையும்

ஓஎல்இடி எனப்படும் கரிம ஒளியுமிழ் இருமுனையத்தின் நவீன வரலாறு, கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. 1992இல் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து கிளைத்த கேம்பிரிட்ஜ் டிஸ்பிளே டெக்னாலஜி, இத்துறையின் தொடக்கநிலைப் புத்தொழில் நிறுவனங்களுள் ஒன்று.

அக்காலத்து ஓசூரில் வேரூன்றியது வேறொரு நுட்பம். 1984இல் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாக நிறுவிய டைட்டன், அங்குக் கைக்கடிகாரத் தொழிலை வளர்த்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் உறைகளை உற்பத்தி செய்வதை அந்நுண்பொறியியல் மரபின் நீட்சியாகவே கொள்ளலாம். உறை இங்கே; திரையோ பெரும்பாலும் சாம்சங், எல்ஜி ஆகிய கொரிய நிறுவனங்களுடையது. நிலமும் வரிச்சலுகையும் இவ்விடைவெளியை நிரப்பா. கரிமப் படலத்தை வெற்றிடத்தில் படியவைத்து, ஈரமும் ஆக்சிஜனும் புகாது மூடும் அறிவு ஆய்வகத்தில் பிறப்பது. சென்னை ஐஐடியின் அமோலெட் ஆய்வு மையத்திற்கு நடுவண் அரசுடன் டாட்டா சன்ஸும் நிதியளித்திருப்பது இதனாலேயே ஓசூரின் தொழில் வரலாற்றோடு சேர்த்து நோக்கத்தக்கது.