யோகம், யோகா, ஹாட் யோகா: ஒரு சொல் சென்று திரும்பிய வழி

தமிழில் இன்று ‘யோகம்’, ‘யோகா’ என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. முதலாவது பழையது. வடமொழிப் பெயர்ச்சொற்கள் தமிழுக்குள் வரும்போது வழக்கமாக ஏற்கும் ‘அம்’ ஈற்றை ஏற்று, பல நூற்றாண்டுகளாக நம்மிடம் இருப்பது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பேசுவது இந்த யோகத்தையே. பேச்சுவழக்கில் ‘அவனுக்கு யோகம்’ என்றால் நல்லூழ் என்று பொருள். இரண்டாவது சொல்லின் நெடில் ஈறு வேறொரு வழியைக் காட்டுகிறது. ‘கருமம்’ ஒருபுறம் இருக்கக் ‘கர்மா’வும், ‘தருமம்’ ஒருபுறம் இருக்கத் ‘தர்மா’வும் வந்ததைப் போலவே, ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட வடிவம் ஆங்கிலத்தின் வழியே திரும்பி வந்தபோது கிடைத்தது ‘யோகா’. ஒரே சொல்லை ஒருமுறை வடக்கிலிருந்தும் மற்றொரு முறை மேற்கிலிருந்தும் கடன் வாங்கியிருக்கிறோம்.

‘ஹாட் யோகா’ என்னும் தொடர் இந்தப் பயணத்தின் மூன்றாம் கட்டம். அது குறிக்கும் பயிற்சியும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. கடந்த மாதம் பெங்களூரில் அத்தகைய வகுப்பு ஒன்றில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். கதவுகள் அடைக்கப்பட்ட அறை, சுவரில் மாட்டிய வெப்பமானியில் 40 பாகை செல்சியஸ், 90 நிமிடம், 26 ஆசனங்களும் 2 மூச்சுப் பயிற்சிகளும். பயிற்றுநர் எந்த ஆசனத்தையும் செய்து காட்டவில்லை. மனப்பாடமான ஆங்கிலக் கட்டளைகளாலேயே வகுப்பு முழுவதையும் நடத்தினார். தொடங்கும் முன் அவர் சொன்ன ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்: ‘இது ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான முறை.’

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 39.2 பாகை, அது 2016 ஏப்ரலில் பதிவானது. ஹாட் யோகாவுக்குப் பொதுவாக விதிக்கப்படும் அளவு 105 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 40.6 செல்சியஸ். இந்நகரத்தின் இயற்கை ஒருநாளும் எட்டாத வெப்பத்தை மின்சாரம் கொண்டு உண்டாக்கி, அதை இந்நாட்டின் தொன்மை என்று இந்நகரத்தாருக்கே விற்க முடிகிறது. எப்படி முடிகிறது என்பது வரலாற்றுக் கேள்வி.

இந்த வரிசையை உருவாக்கியவர் கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. அவருடைய ஆசிரியர் பிஷ்ணு சரண் கோஷ் (1903–1970), ‘ஒரு யோகியின் சுயசரிதை’ எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. கோஷ் 1923இல் கொல்கத்தாவில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அது ஆசிரமம் அன்று. எடை தூக்குதலும் தசைக் கட்டுப்பாடும் ஆசனங்களும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்ட கூடம். 1904–05இல் ஜெர்மானியப் பயில்வான் யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்ததும், ‘வலுவற்ற இந்தியன்’ என்ற காலனிய ஏளனத்திற்கு உடலால் விடை சொல்ல வேண்டும் என்ற வேட்கையும் அக்காலத்து உடற்பயிற்சி இயக்கத்தின் பின்புலம். கோஷ் இணையாசிரியராக எழுதிய ‘மசில் கண்ட்ரோல்’ 1930இல் வெளிவந்தது.

அதே 1930இல் பெங்களூரிலிருந்து ‘மசில் கல்ட்’ என்ற நூல் வந்தது. அதன் ஆசிரியர் கே.வி. ஐயர் (1897–1980). பின்னாளில் ஜே.சி. சாலையில் இயங்கிய அவருடைய வியாயாமசாலையும், அவர் எழுதிய ‘சாந்தலா’ என்னும் கன்னட நாவலும் இந்நகரின் நினைவில் இன்றும் உள்ளன. உடற்கட்டு, ஹடயோகம் இரண்டையும் ஒரே பயிற்சித் திட்டத்திற்குள் இணைத்தவர் அவர். அவருடன் இணைந்து செயல்பட்ட சுந்தரம் என்னும் வழக்கறிஞர், 1920களின் இறுதியில் ‘யோகிக் பிசிகல் கல்ச்சர்’ என்ற ஆங்கில நூலைப் பெங்களூரிலிருந்து வெளியிட்டார். ஆசனங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தே கற்கும் வகையில் ஒளிப்படங்களுடன் விளக்கிய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. ஆசனம் குருவின் குடிலிலிருந்து அச்சுக்கூடத்திற்கு நகர்ந்ததில் இந்நகரத்திற்குக் கணிசமான பங்கு உண்டு.

இங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மைசூரில், இதே காலத்தில் மற்றொரு ஓட்டம் தொடங்கியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) யோகசாலையைத் தொடங்கினார். அவருடைய ‘யோக மகரந்த’ 1934இல் கன்னடத்திலும் 1938இல் தமிழிலும் வெளியாயிற்று. கே.வி. ஐயரின் மாணவர் ஒருவர் அதே அரண்மனையில் உடற்கட்டுப் பயிற்சி அளித்துவந்தார். மரபு, நவீனம் என்று நாம் பிரித்துப் பேசுபவை ஒரே அரசரின் செலவில், ஒரே கூரையின் கீழ் நடந்தவை. அதற்காக மைசூர் மரபு வெறும் இறக்குமதி என்று சொல்லிவிடவும் இயலாது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், தொகுக்கப்பட்ட ‘ஸ்ரீதத்துவநிதி’யில் 122 ஆசனங்கள் ஓவியங்களுடன் இடம்பெற்றுள்ளன. என்.ஈ. ஷோமன் 1996இல் வெளியிட்ட நூல் அப்பகுதியை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

இவ்விரு ஓட்டங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. 1935இல் இந்தியா திரும்பிய யோகானந்தர் அரண்மனையின் அழைப்பை ஏற்று மைசூருக்கு வந்தார். பின்னர் இரண்டுமே கடல் கடந்தன. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற இந்திரா தேவி 1940களின் இறுதியில் ஹாலிவுட்டில் பயிற்சிக்கூடம் திறந்தார், பி.கே.எஸ். ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ 1966இல் வந்தது. கொல்கத்தா ஓட்டத்தை 1970களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுசென்றவர் பிக்ரம். அறையைச் சூடேற்றும் பழக்கம் அதற்குமுன் அவர் ஜப்பானில் கற்பித்தபோது, அங்குள்ள குளிரைச் சமாளிக்கத் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால், வெப்ப நாட்டில் பிறந்த பயிற்சி குளிர் நாட்டில் தன் பிறந்தகத்தின் தட்பவெப்பத்தைப் போலச்செய்யத் தொடங்கியது; பின்னர் அந்தப் போலச்செய்தலே பயிற்சியின் சாரமாகி, தாய்நாட்டிற்குத் திரும்பியது. மானிடவியலாளர் அகேஹானந்த பாரதி 1970இல் ‘பீட்சா விளைவு’ என்று பெயரிட்டது இதுபோன்ற சுற்றுப்பயணத்தைத்தான்: ஊரில் எளிய உணவாக இருந்தது அமெரிக்கா சென்று செல்வாக்குப் பெற்று, பிறந்த ஊருக்கே பெருமையாகத் திரும்புவது. ‘யோகா’வின் நெடில் ஈறு அந்தப் பயணத்தின் ஒலியியல் தடயம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வெப்பத்திற்கும் யோகத்திற்கும் தொன்மையான உறவு இல்லையா? ‘தவம்’ என்ற சொல்லே ‘தபஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதன் வேரான ‘தப்’ சூட்டைக் குறிக்கும். தமிழில் அச்சொல் தன் சூட்டை இழந்துவிட்டாலும், நெருப்பில் காயும் பொன்னைத் தவத்திற்கு உவமையாக்கும் திருக்குறளின் 27ஆம் அதிகாரம் அந்த உறவை மறக்கவில்லை. நாற்புறமும் நெருப்பு, தலைக்கு மேல் ஞாயிறு என ஐந்தழல் நடுவே நின்ற தவசிகளை நம் இலக்கியங்கள் நன்கறியும். மறுப்பு வலுவானது, ஆகவே நூல்களையே பார்ப்போம்.

ஹடயோகத்தின் அடிப்படை நூலாகக் கருதப்படும் ஸ்வாத்மாராமரின் ‘ஹடயோகப் பிரதீபிகை’ 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யோகியின் குடில் எப்படி அமைய வேண்டும் என்று அது விதிக்கிறது: ஒரு வில்லின் தொலைவிற்குள் கல்லோ நெருப்போ நீரோ இருக்கலாகாது. பயிற்சியின் தொடக்க நிலையில் நெருப்பின் அருகாமையையும் உடலை வருத்தும் நோன்புகளையும் தவிர்க்கச் சொல்கிறது. ஐந்தழல் தவசியின் வழியும் ஹடயோகியின் வழியும் ஒன்றல்ல என்பதை இவ்விதிகள் காட்டுகின்றன. வியர்வையைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. மூச்சுப் பயிற்சியின் முதற்படியில் வியர்வையும், இடைப்படியில் நடுக்கமும், உயர்படியில் நிலைபேறும் தோன்றும் என்கிறது. அவ்வாறு உழைப்பால் பிறந்த வியர்வையை உடலிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதனால் உடலுக்கு உறுதியும் இலேசும் கிடைக்கும் என்பது அதன் கருத்து. இன்றைய வகுப்புகளில் வியர்வை ‘நச்சு நீக்கம்’ என்று விளக்கப்பட்டுத் துண்டால் துடைக்கப்படுகிறது. ஒன்றில் அது காக்க வேண்டிய பொருள். மற்றொன்றில் கழிக்க வேண்டிய பொருள். இவ்விரண்டையும் ஒரே மரபின் தொடர்ச்சி என்று கூறுவது கடினம்.

வெப்ப அறை இந்திய நூல்களில் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது யோக நூலில் இல்லை, மருத்துவ நூலில் இருக்கிறது. சரக சம்ஹிதையின் சூத்திரத் தானம் 14ஆம் அத்தியாயம் வியர்வைச் சிகிச்சைக்கு உரியது. நெருப்பின் துணையோடு வியர்க்கச் செய்யும் முறைகள் 13 என்றும், நெருப்பின்றி வியர்க்கச் செய்பவை 10 என்றும் அது வகுக்கிறது. அந்தப் பத்தில் உடற்பயிற்சியும் வெப்பமான அறையும் அடுத்தடுத்து நிற்கின்றன. அளவு மீறினால் மயக்கம், தளர்ச்சி, தாகம், எரிச்சல் தோன்றும் என்றும், அப்போது கோடைக்காலத்துக்குரிய ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் அதே அத்தியாயம் எச்சரிக்கிறது. சித்த மருத்துவத்தின் புறமருந்து முறைகளுள் ஒன்றான வேது பிடித்தலையும் இங்கே நினைக்கலாம். இவற்றிலிருந்து ஹாட் யோகா பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. இந்த மரபில் வெப்பம் ஒரு மருந்தாகக் கருதப்பட்டது, மருந்து என்பதால் அதற்கு அளவும் விலக்கும் இருந்தன என்பதே நான் சுட்ட விரும்புவது.

இன்றைய ஆய்வு என்ன சொல்கிறது? டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேசி ஹண்டர் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிக்ரமின் அதே 26 ஆசனங்களை ஒரு பிரிவினர் 40.5 பாகையிலும் மற்றொரு பிரிவினர் 23 பாகையிலும் 12 வாரங்கள் செய்தனர். இரத்தக் குழாய்களின் உள்படலச் செயல்பாடு இரு பிரிவிலும் மேம்பட்டது. வெப்பம் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. ஒரேயோர் ஆய்வு முடிந்த முடிபாகாது. ஆயினும், பெங்களூரின் சாதாரணக் காலை வெப்பநிலை ஏறத்தாழ அந்த 23 பாகைதான் என்பது கவனிக்கத்தக்கது.

‘ஐயாயிரம் ஆண்டு’ என்ற வாக்கியத்திற்குத் திரும்புவோம். ஆசன வரிசை தன் படைப்பு என்றும், 1979இல் வெளியான தன் நூலின் பதிப்புரிமை அதற்கும் பொருந்தும் என்றும் பிக்ரமின் தரப்பு அமெரிக்க நீதிமன்றத்தில் வாதிட்டது. உடல்நலத்திற்கான ஒரு முறை பதிப்புரிமைக்கு உட்படாது என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வகுப்பறையில் தொன்மை, நீதிமன்றத்தில் புதுமை: இரண்டையும் ஒருவரே ஒரே பொருளுக்குக் கோர முடிந்தது. 2016இல் அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேறு பெண்களும் கடுமையான குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர். அவர் அவற்றை மறுத்துவருகிறார். பல பயிற்சிக்கூடங்கள் அவருடைய பெயரைக் கைவிட்டுப் பொதுப்பெயரான ‘ஹாட் யோகா’வுக்கு மாறின. பெயர் நீங்கியது, வரிசையும் வெப்பநிலையும் நீடித்தன.

பொதுப்பெயர் ஒரு மனிதரை மறைக்கிறது. ஐயாயிரம் ஆண்டு என்ற எண் ஒரு காலத்தையும் சில ஊர்களையும் மறைக்கிறது. இந்த மறைப்பினால் இழப்பு யாருக்கு? முதலில், பயிற்சி செய்பவருக்கு. ஒரு முறை 50 ஆண்டு வயதுடையது என்று தெரிந்தால், ‘இது எனக்குப் பொருந்துமா, இந்த வெப்பம் எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். ஐயாயிரம் ஆண்டு என்று கேட்டவுடன் அக்கேள்வி நாவிலேயே நின்றுவிடும்; தலை சுற்றினால் கூட, குறை தன் உடலில்தான் என்று அவர் எண்ணிக்கொள்வார். பழைய நூல்கள் சொன்ன விலக்குகள் வந்து சேரவில்லை. அவற்றின் அதிகாரம் மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்த இழப்பு இந்நகரத்திற்கும் ஆய்வுக்கும். கே.வி. ஐயர், சுந்தரம், ஜகன்மோகன் அரண்மனையின் யோகசாலை, கன்னடத்திலும் தமிழிலும் அச்சான கையேடுகள் ஆகிய அனைத்தும் ஐயாயிரத்திற்கும் இன்றைக்கும் இடையே இல்லாமற் போகின்றன. யோகத்தின் நவீன வரலாற்றை எழுதிய பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன; அவற்றின் மூலச்சான்றுகளுள் பல தென்னிந்திய மொழிகளில் உள்ளன. 1938இல் வந்த தமிழ் ‘யோக மகரந்த’த்தின் மொழிநடையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு முதுகலை ஆய்வேட்டிற்குப் போதிய பொருள் இருக்கும்: அது ‘ஆசனம்’ என்கிறதா, திருமந்திரம் வழங்கும் ‘ஆதனம்’ என்கிறதா? உடலுறுப்புகளுக்கு எந்தச் சொற்களைக் கையாள்கிறது? வாசகரை ஏவுகிறதா, வேண்டுகிறதா? வினைமுற்றுகளை எண்ணினாலே குருவுக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு அச்சில் எப்படி மாறியது என்பது புலப்படும்.

மொழியியலும் வரலாறும் பயிலும் மாணவ நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீடுகளிலும் ஊர் நூலகங்களிலும் 1920 முதல் 1960 வரை அச்சான யோக, தேகப்பயிற்சிக் கையேடுகள் இருக்கக்கூடும். கிடைத்தால் தலைப்புப் பக்கத்தையும் முன்னுரையையும் படமெடுத்துப் பின்னூட்டத்தில் இடுங்கள். பதிப்பாண்டு, அச்சகம், விலை ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். பத்துப் பதினைந்து நூல்கள் சேர்ந்தாலே ஒரு பட்டியலைத் தொடங்கிவிடலாம்.